தாபரிப்பும் காட்டிக்கொடுப்பும்

2019இல் எனக்குத் தெரிந்த ஒரு பெண், பிரித்தானிய அரசிடமிருந்து வந்த கடிதமொன்றைக் கொண்டுவந்து, "இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை" என்றார். உங்களுடைய பிள்ளையின் தகப்பன் பழைய கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண் நிலுவை வைத்திருக்கிறார். அதை நாங்கள் அறவிட முயல வேண்டுமென்று விரும்புகிறீர்களா. 60 நாட்களுக்குள் நீங்கள் பதில் தராவிட்டால் அந்தக் கடன் கழித்துவிடப்படும். சாரம் இவ்வளவுதான். பிள்ளைக்கு அப்போது 26 வயது. படித்து முடித்து, வேலைக்குப் போய், தாயின் வீட்டு வாடகையில் பாதியையும் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு காலமும் இல்லாமல் இப்ப ஏன் இவங்களுக்கு ஞாபகம் வந்தது?" என்று கேட்டார். காரணம் எளிமையானது. பழைய கணக்குகளை வைத்திருக்கும் கணினிகளுக்கான செலவு, அவற்றால் அறவிடக்கூடிய பணத்தைவிட அதிகம் என்று அரசு கண்டுகொண்டது. 2018இல் அதற்கென்று ஒழுங்குவிதிகள் வந்தன. சிறிய தொகைகள் கேள்வியின்றிக் கழிக்கப்பட்டன. குறித்த எல்லைக்கு மேற்பட்ட தொகைகளுக்கு மட்டும் இப்படியொரு கடிதம் போனது. கால் நூற்றாண்டாகச் சேர்ந்த பிள்ளைகளின் சோற்றுக் கணக்கை ஓர் அரசு பழைய கோப்பாகக் கண்டு தூசு தட்டியது.

ஆயினும் இக்கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கடிதமல்ல. சில மாதங்களின் பின் நண்பர்கள் கூடிய ஓரிடத்தில் இதைப்பற்றிக் கதைத்தேன். எம்மில் மூத்தவர், இடதுசாரி, நான் மதிக்கிற வாசகர் ஒருவர் உடனே சொன்னார்: "இது முழுக்க அரசு குடும்பத்துக்குள் வேவு பார்க்கிற விசயம். தாய்மாரைக் கொண்டு தகப்பன்மாரைக் காட்டிக்கொடுக்க வைச்ச சட்டம் இது. இதை நியாயப்படுத்தி எழுதிப்போடாதையும்." இருந்தவர்களில் பலர் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம்.

இச்சட்டம் 1991இல் நிறைவேறியது. தட்சர் தொடக்கிவைத்து மேஜரின் காலத்தில் முடிந்த வேலை இது. 1993 ஏப்ரலில் 'சைல்ட் சப்போர்ட் ஏஜென்சி' என்ற அலுவலகம் திறக்கப்பட்டது. ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்து சேர்ந்த எமது சனத்துக்கு அந்தப் பெயரைக் கேட்டவுடன் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை நீதிமன்றம் தீர்மானித்து வந்த தாபரிப்புப் பணத்தை, அதன்பின் ஒரு சூத்திரத்தின்படி அலுவலர்கள் கணக்கிட்டார்கள். பத்திரமாகச் சொன்னால், சூத்திரம் என்பது அட்சரகணிதம். விளங்கப்படுத்த முயன்ற அலுவலர்களே தடுமாறினார்கள்.

சட்டத்தின் பெயரில் பிள்ளை இருந்தது. கணக்கில் இருந்தது திறைசேரி. இன்கம் சப்போர்ட் எடுக்கும் ஒரு தாய்க்குத் தகப்பனிடமிருந்து 20 பவுண் அறவிடப்பட்டால் அவருடைய உதவிப்பணத்தில் 20 பவுண் வெட்டப்பட்டது. பிள்ளையின் கோப்பைக்குள் ஒரு சதமும் கூடுதலாக விழவில்லை. 2003இல்தான் புதிய கணக்குக்காரருக்கு வாரம் 10 பவுண் விட்டுவைக்கப்பட்டது. 2008இல் அது 20 ஆனது. 2010 ஏப்ரலில்தான் முழுத்தொகையும் பிள்ளைக்கென்று ஆனது. பதினேழு வருடங்கள்! ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் முடிக்கிற காலம்.

தாய் தகப்பனின் பெயர் விபரத்தைக் கொடுக்க மறுத்தால், தக்க காரணம் காட்டாவிட்டால், அவருடைய சொந்த உதவிப்பணத்தில் முதல் ஆறு மாதம் 20 வீதமும் அடுத்த ஒரு வருடம் 10 வீதமும் குறைக்கப்பட்டன. 1996இல் அதை 40 வீதமாக்கி மூன்று வருடங்களுக்கு நீட்டினார்கள். அடித்தவனின் முகவரியை எழுதிக் கொடு, இல்லாவிட்டால் பட்டினி கிட என்பதுதான் பல பெண்களுக்கு இதன் பொருள். 'தீங்கு அல்லது மிதமிஞ்சிய மனவுளைச்சல்' என்று விதிவிலக்கு இருந்தது உண்மை. அதை ஆங்கிலத்தில், கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் ஓர் அலுவலருக்கு நிரூபிக்க வேண்டியிருந்ததும் உண்மை. இந்தக் கட்டாயம் 2008இல் நீக்கப்பட்டது.

ஆகவே நண்பரின் கோபம் அடிப்படையற்றதல்ல. அன்று இந்நாட்டின் பெண்கள் அமைப்புகளும் இதே காரணங்களுக்காக இச்சட்டத்தை எதிர்த்தன. ஆனால் அவர்கள் எதிர்த்தபோது பிள்ளைக்கு யார் கொடுப்பது என்ற கேள்வியையும் கூடவே வைத்திருந்தார்கள். 1974இல் ஃபைனர் குழு தனது அறிக்கையில், தனித்திருக்கும் தாய்க்கு அரசே ஓர் உறுதிப்படுத்தப்பட்ட தொகையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் தகப்பனிடம் அறவிடலாம் என்று யோசனை சொல்லியிருந்தது. அதை எந்த அரசாங்கமும் நிறைவேற்றவில்லை. எம்மவர் எதிர்த்தபோது கேள்வியின் இந்தப் பாதி காணாமற் போயிற்று. அரசு கெட்டது, எனவே நான் கட்டத் தேவையில்லை. இவ்வளவு சுலபமான அரசியலை எங்கள் இயக்கங்கள்கூட எங்களுக்குக் கற்றுத்தரவில்லை.

*

'காட்டிக்கொடுத்தல்' என்ற சொல்லை நண்பர் தற்செயலாகப் பாவிக்கவில்லை. எமது மொழியில் அச்சொல்லுக்கு என்ன எடை என்று இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மின்கம்பத்தில் கட்டப்பட்டவர்களின் கழுத்தில் தொங்கிய சொல் அது. அந்தச் சொல்லை லண்டனில், பால்மா வாங்க வழியில்லாமல் ஒரு படிவத்தை நிரப்பிய பெண்ணின் மேல் எறிந்தார்கள். "அவன்ரை அசைலக் கேஸைக் கெடுத்தவள்" என்று கோயில் மண்டபத்தில் அவளுக்குப் பின்னால் கதைத்தார்கள். விண்ணப்பம் நிலுவையில் இருந்த, அனுமதியின்றி வேலை செய்த ஆண்களுக்குப் பயம் இருந்தது நியாயம். ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்த முகவரி இன்னோர் அலுவலகத்துக்குப் போகாதென்று எமக்கு யார் உத்தரவாதம் தந்தார்கள்? ஆனால் அந்தப் பயத்தை ஆண் தன்னுடைய காப்புறுதியாக மாற்றிக்கொண்டதையும், விசா கிடைத்து, கடன் அடைத்து, கடை திறந்து, பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்த பிறகும் அதே பயத்தைச் சாட்டிக்கொண்டிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

பார்த்திருக்கிறேன் என்பது முழு உண்மையல்ல. உதவியிருக்கிறேன்.

1996 தொடக்கத்தில் ஒருவருக்காக அந்த ஏஜென்சிக்கு நான் கடிதம் எழுதினேன். அவர் பெற்றோல் ஸ்டேசனில் கிழமையில் ஆறு இரவு நின்றார். சம்பளத்துண்டு இரண்டு இரவுக்குத்தான். மிச்சம் கையில். முந்திய ஒக்ரோபரில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவருடைய தாய்தகப்பனும் தென்மராட்சிக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் கிடந்தார்கள். அவர்களுக்குப் பணம் அனுப்புவதை ஏஜென்சியின் சூத்திரம் கணக்கில் எடுக்கவே இல்லை. அதன் கண்ணில் பெற்றோர் என்பவர்கள் கீழ்நோக்கி மட்டுமே கடமை உள்ளவர்கள். மேல்நோக்கி யாரும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ஐரோப்பியத் தனிக்குடும்பம் என்ற கருத்தியலை அடிப்படையாகக் கொண்ட சூத்திரம் இது என்ற வாக்கியம்கூட அதில் இருந்ததாக நினைவு. அந்த வாக்கியத்தில் இன்றும் எனக்கு மறுப்பில்லை. சம்பளத்துண்டு பொய்யென்று தெரிந்துகொண்டே அதைக் கடிதத்துடன் இணைத்து அனுப்பியதில்தான் மறுப்பு. அவருடைய மகனுக்கென்று இறுதியில் தீர்மானமான தொகை ஒரு பால்மா ரின்னுக்கும் காணாது. அதே மாதம் அவர் 100 பவுண் சீட்டுக் கட்டினார். அந்தச் சீட்டில் நானும் இருந்தேன்.

கடிதம் கொண்டுவந்த பெண்ணின் கணவன் இவரல்ல. ஆனால் அவருக்கும் யாரோ ஒரு நல்ல ஆங்கிலக்காரன் கடிதம் எழுதிக் கொடுத்திருப்பான்.

*

1991ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தகப்பனை 'இல்லாத பெற்றோர்' என்று அழைத்தது. பின்னர் 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதை 'உடன் வசிக்காத பெற்றோர்' என்று மாற்றியது. ஆண்களின் அமைப்புகளுக்கு முதற்சொல் அவமதிப்பாகப் பட்டது. எனக்கு அந்த முதற்சொல்லில் வேறு பிரச்சினை. எங்களுக்கு இல்லாத தகப்பன் என்றால் வேறு பொருள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் படங்களுடன் குந்தியவர்கள் இல்லாதவர்களைத் தேடினார்கள். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் யாருடைய கணக்கிலும் இல்லை. இங்கே நான் சொல்லும் தகப்பன்மார் இல்லாதவர்கள் அல்லர். தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கிறார்கள், பழைய மாணவர் சங்கத்தில் பொருளாளராக இருக்கிறார்கள், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மதில் கட்டிக் கொடுத்துப் பெயர்க்கல்லும் பதிக்கிறார்கள். பிள்ளை அந்தக் கல்லை ஊருக்குப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்து தாயிடம் சொல்கிறது.

எமது புகலிட எழுத்தில் இந்தத் தகப்பன் எங்கே? நான் வாசித்த அளவில் அவன் அநேகமாக இல்லை. பனியில் நடுங்கி உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவுகிறவன் இருக்கிறான். தங்கச்சிமாரின் சீதனத்துக்காக இளமையைத் தொலைத்தவன் இருக்கிறான். மனைவி இந்நாட்டு வாழ்க்கையைக் கண்டு 'மாறிப்போனதால்' தனித்துப்போனவனும் ஏராளமாக இருக்கிறான். பெண்கள் எழுதிய சில கதைகளைத் தவிர, கட்டவேண்டியதைக் கட்டாதவனைப் பற்றி யாரும் எழுதவில்லை. அனுப்பியவனின் இலக்கியம் நம்முடையது. அனுப்பாதவனுக்கு அதில் இடமில்லை. இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பதை, தாய்க்கு ஒழுங்காக அனுப்பியவனே மகனுக்கு அனுப்பாதவனாக இருக்கலாம் என்பதை, எழுத நாங்கள் இன்னும் தொடங்கவில்லை.

பழைய இலக்கியமும் இதில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. கண்ணகி நீதி கேட்டாள். கோவலனின் மகள் மணிமேகலைக்கு யார் சோறு போட்டார்கள் என்று எந்த அவையிலும் வழக்கு வரவில்லை. கோவலனின் தகப்பன் இருந்த செல்வத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியானான். பேத்திக்கென்று எதுவும் வைத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு அமுதசுரபி கிடைத்தது. அதுவும் யாருடையது? தாய் போட்டுவிட்டுப் போக, ஒரு பசு பால் கொடுத்துக் காப்பாற்றிய ஆபுத்திரனுடையது. கைவிடப்பட்ட ஒரு பிள்ளையின் பாத்திரம் தகப்பனற்ற இன்னொரு பிள்ளைக்கு வந்து சேர்ந்தது என்பதைச் சாத்தனார் யோசித்துத்தான் செய்தாரா என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். காப்பியத்துக்கு வெளியே அத்தகைய பாத்திரம் கிடைப்பதில்லை.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் 'தாபரிப்புக் கேஸ்' என்ற சொல்லைக் கேட்டு வளராதவர் எம்மில் யார்? 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நூறு வருடத்துக்கு மேல் அங்கே நடைமுறையில் இருந்தது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. பழைய சட்டத்தில் மணமாகாத தாய் சொல்லும் சாட்சியம் மட்டும் போதாது, வேறு சான்று வேண்டும் என்று இருந்தது. வெள்ளைக்காரன் எழுதியது என்றாலும் எங்கள் அப்புக்காத்துமாருக்கு மிகவும் பிடித்த பிரிவு அது. மனைவி நீதவான் நீதிமன்றத்தின் படியேறினால் குடும்ப மானம் போயிற்று என்றார்கள். படியேற வைத்தவனின் மானத்துக்கு ஒன்றும் நேரவில்லை. லண்டனுக்கு வந்தது அந்தப் பழைய கணக்குத்தான்.

*

ஜேர்மனியில், நோர்வேயில் இருக்கும் வாசகர்களுக்கு இங்கே நடப்பது வியப்பாக இருக்கலாம். ஜேர்மனியில் 1980 முதல் அரசு பிள்ளைக்கு முற்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் தகப்பனைத் தேடுகிறது. முன்பு 12 வயது வரையும், மொத்தம் ஆறு வருடங்களுக்கு மட்டுமே கிடைத்தது. 2017 யூலை முதல் சில நிபந்தனைகளுடன் 18 வயது வரை நீட்டியிருக்கிறார்கள். தகப்பன் ஓடினாலும் பிள்ளை சாப்பிடும். ஓடுகிறவனைத் துரத்துவது அரசின் வேலை, தாயின் வேலையல்ல. ஃபைனர் குழு இங்கே கேட்டதும் இதற்கு நெருக்கமான ஒன்றைத்தான். ஆனால் அங்கேயும் எமக்கொரு கதவு பூட்டியிருந்தது: அகதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் தாய்க்கும் 'டுல்டுங்' வைத்திருக்கும் தாய்க்கும் பொதுவாக அது கிடையாது. பிள்ளையின் பசிக்கும் வதிவிட அனுமதி தேவைப்பட்டது. அரசைக் கண்டிக்க விரும்பும் நண்பர்கள் இதைப்பற்றியல்லவா எழுதியிருக்க வேண்டும்.

இங்கே ஏஜென்சியின் முடிவு கேலிக்கூத்தானது. 2003இல் சூத்திரத்தை எளிமையாக்கி, ஒரு பிள்ளைக்கு 15 வீதம், இரண்டுக்கு 20, மூன்றுக்கும் மேல் 25 என்று வைத்தார்கள். அதற்கென்று வாங்கிய கணினி வேலை செய்யவில்லை. 2006இல் நிலுவை 350 கோடிப் பவுணைத் தாண்டி நின்றது. 2012இல் வேறு பெயரில் வேறு சேவை வந்தது. 2014 முதல் அந்தச் சேவை ஊடாக அறவிட்டால் தகப்பனிடம் மேலதிகமாக 20 வீதமும், தாய்க்கு வரும் தொகையிலிருந்து 4 வீதமும் கட்டணம். ஏமாற்றப்பட்டவளிடமும் தரகு எடுக்கிற ஏற்பாடு. விண்ணப்பத்துக்கென்று வாங்கிய 20 பவுணை 2024இல்தான் நிறுத்தினார்கள்.

இப்போது கணக்கு, வருமான வரித் திணைக்களம் வைத்திருக்கும் தொகையிலிருந்து எடுக்கப்படுகிறது. எம்மவருக்கு இதைவிட வசதி வேறில்லை. கடை தம்பியின் பெயரில், வீடு புதிய மனைவியின் பெயரில், தான் அங்கே 'உதவிக்கு நிற்கிறவர்'. வாரம் நூறு பவுணுக்கு உட்பட்ட வருமானம் காட்டினால் எத்தனை பிள்ளைகள் என்றாலும் வாரம் 7 பவுண். உண்மை வருமானம் வேறு என்று தாய் முறையிடலாம். 2018 டிசம்பரிலிருந்து, குடியிருக்கும் வீடு தவிர்ந்த 31,250 பவுணுக்கு மேற்பட்ட சொத்தையும் கணக்கிலெடுக்கக் கேட்கலாம். ஆனால் தேடிக் காட்டவேண்டிய சுமை நடைமுறையில் அவர் தலையில்தான் விழுகிறது. அந்த விபரம் எல்லாம் ஊருக்குத் தெரியும். ஊர் வாய் திறக்காது. காட்டிக்கொடுக்கக் கூடாதல்லவா.

தகப்பன் கனடாவுக்குப் போய்விட்டால் இந்தச் சேவைக்கு அதிகாரமே இல்லை. அப்போது நீதிமன்றக் கட்டளை எடுத்து அதை அங்கே பதிவுசெய்ய வேண்டும். பிறநாட்டில் தாபரிப்பு அறவிடுவதற்கான 1956ஆம் ஆண்டு நியூயோர்க் உடன்படிக்கையில் இலங்கை 1958இலேயே சேர்ந்துவிட்டது. கனடா சேரவே இல்லை. ஆனாலும் ஒன்ராறியோவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில் வேறு ஏற்பாடு உண்டு. அங்குள்ள குடும்பப் பொறுப்பு அலுவலகம் சம்பளத்தில் பிடிக்கும், சாரதி அனுமதிப்பத்திரத்தையும் நிறுத்தும். ரொறொன்ரோவில் கார் ஓடாமல் எவ்வளவு நாள் சீவிப்பது? அங்கே இருக்கும் சில நண்பர்களின் குடும்பப் பற்று திடீரென்று அதிகரித்ததற்கு அந்தப் பத்திரமே காரணம் என்று கேள்வி.

இன்னொன்று. கணவனின் விசாவில் வந்த பெண்களிடம், நீ அரச பணம் தொடக்கூடாது, தொட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று வெருட்டுவது இன்றும் நடக்கிறது. பிள்ளைக்குத் தகப்பன் கொடுக்கும் தாபரிப்பு அரச பணமல்ல. அதைக் கேட்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. இந்த இரண்டு வரியையாவது யாரேனும் வெட்டியெடுத்துத் தேவையானவரிடம் கொடுத்தால் நல்லது.

*

அந்தப் பெண்ணின் கடிதத்துக்கு வருகிறேன். கணக்கை விரித்துப் பார்த்தபோது, அவர் இன்கம் சப்போர்ட் எடுத்த முதல் வருடங்களின் நிலுவை அவருக்குரியதல்ல, அரசுக்குரியது என்று தெரிந்தது. துப்புரவு வேலைக்குப் போகத் தொடங்கிய 2001இன் பின்னர் வந்ததுதான் அவருடையது. அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் அதுதான். இதை விளங்கப்படுத்த எனக்கு அரைமணித்தியாலம் எடுத்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

பிறகு, வேண்டும் என்ற இடத்தில் அடையாளம் போடச் சொன்னார். வராது, தங்கச்சி, என்றேன். அவன் பெயரில் எதுவும் இருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

"வராது எண்டு எனக்கும் தெரியும் அண்ணை. இவ்வளவு நாளும் அவர் தரேல்லை. இனி நான் வேண்டாம் எண்டு சொன்னதா ஆகப்போகுது."

அடுத்த வருடம் பதில் வந்தது. விசாரித்துப் பார்த்ததில் அறவிடுவதற்கான வாய்ப்பு இல்லை, கணக்கு மூடப்படுகிறது. அதையும் என்னிடம்தான் கொண்டுவந்தார். வாசித்துச் சொன்னேன். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா, எழுதுகிற வேலைக்கு உதவும், என்று கேட்டேன். எடுங்கோ என்றவர், மூலக் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மகள் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாளாம்.